அத்தையின் இடுப்புச் சாவி

திண்டுக்கல் பக்கம் அகரம் ஊரைத் தாண்டி, எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு அடுத்த மேட்டுக்காட்டில் ஒரு குதிரைப் பண்ணை இருக்கிறது. கோடை வந்தால் சென்னை, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ காலேஜ் பிள்ளைகள் அங்கே வந்து ஒரு மாதம் தங்கி வேலை பழகிவிட்டுப் போகிறார்கள். அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயராம். விடியும் முன்னால் எழுந்து, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, குதிரை லத்தியைக் கூடை கூடையாக அள்ளுகிறார்கள். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவியிருப்பார்களோ என்னவோ, இங்கே முகம் சுளிக்காமல் அள்ளுகிறார்கள். வேலி ஓரம் நின்று பார்க்கிற எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளைகள்.

இந்த வருஷம் வந்ததில் ஒரு பெண் கழுத்தில் சிவப்புக் கயிற்றைக் கட்டி, அதில் ஒரு சாவியைத் தொங்கவிட்டிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம், "பாட்டி, இந்த வாரம் தீனி ரூம் சாவி என்கிட்டதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் கேட்காமலே சொன்னாள். சாவி வந்த பிறகு அவள் நடையே வேறாக இருந்தது.

மறுநாள் அவளிடம், நானும் ஒரு கோடை முழுக்கக் குதிரை வேலை பழகியவள்தான் என்றேன். எந்தப் பண்ணை என்று கேட்டாள். அத்தை வீடு என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும். அவர்களுக்குக் கடைசி நாளில் சான்றிதழ் கொடுப்பார்களாம். எனக்குக் கிடைத்தது குதிரை மிதித்து நகம் போன கால் கட்டைவிரல். அது இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

என் அப்பாவோடு பிறந்த அத்தையைத் தாடிக்கொம்புப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே ஆறு குதிரைகள் இருந்தன. திண்டுக்கல் டவுனில் ஜட்கா வண்டி ஓடிய காலம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் எங்கள் மாமாவிடம்தான் குதிரை கேட்டு வருவார்கள். வண்டி ஓட்டுவது, நாலு பேரிடம் பேசி வாக்குக் கொடுப்பது, மீசையைத் தடவிக்கொள்வது, இதெல்லாம் மாமா. லாயத்துக்குள் நடக்கிற மற்ற அத்தனையும் அத்தை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, குதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக் குளம்பைச் சுரண்டுவாள். அந்தப் பெரிய மிருகம் முடி வெட்டிக்கொள்கிற ஆள் மாதிரி கண்ணை மூடி நிற்கும். ஒரு பெண்பிள்ளை இப்படிக்கூட இருக்கலாம் என்று நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூட லீவு விட்டால் விடியலில் மல்லிகை பறிக்கப் போக வேண்டும். அந்த வருஷம் அத்தையே வந்து, என்னையும் என் சித்தப்பா மகன்கள் இரண்டு பேரையும் குதிரை வேலை பழக்குகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போனாள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. லாயம் பிள்ளைகள் விளையாடுகிற இடம் இல்லை, அதிலும் பொட்டப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்றார். அத்தை விடவில்லை. கடைசியில் மாமா ஒரு நிபந்தனை போட்டார். ஒரே ஒரு தப்பு நடந்தாலும் மூன்று பேரையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், அப்புறம் உன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையும் இந்த லாயத்தில் கால் வைக்கக் கூடாது என்றார். அத்தை சரி என்று தலையாட்டிவிட்டு எங்கள் கையில் கூடையைக் கொடுத்தாள்.

முதல் எட்டு நாள் குதிரையைத் தொடவே கூடாது. லத்தி அள்ள வேண்டும், தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்க வேண்டும். அது உங்களைப் பார்த்துப் பழகட்டும், அப்புறம் நீங்கள் அதைப் பார்க்கலாம் என்பாள். அண்ணன்மார் இரண்டு பேரும் எனக்கு லத்தி ராணி என்று பட்டம் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் ஆளுக்கு ஒரு குதிரை என்று அத்தை பிரித்துக் கொடுத்தபோது எனக்கு வெள்ளச்சி வந்தாள். லாயத்திலேயே அவள் ஒருத்திதான் வெள்ளைக் குதிரை. பட்டம் கட்டியவர்களுக்கு இரண்டும் கிழட்டுச் சிவப்புக் குதிரைகள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, வயிறு அப்படி நிறைந்திருந்தது.

அத்தையின் வலது இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு வளையம் செருகியிருக்கும். அதில் இரண்டு நீளச் சாவிகள். ஒன்று கொள்ளுப் பெட்டிக்கு, இன்னொன்று சேணம் தொங்குகிற அறைக்கு. அவள் நடந்தால் அவை ஒன்றோடொன்று மோதி ணங் ணங் என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்தாலே ஆறு குதிரையும் ஒன்றுபோலக் காதைத் தூக்கும். நாங்களும் அப்படித்தான். வைக்கோல் போரில் சறுக்கி விளையாடிக்கொண்டிருப்போம், சத்தம் கேட்டதும் இறங்கி ஓடி ஆளுக்கு ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொள்வோம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். முதல் நாள் ஊறப்போட்ட கொள்ளை மறுநாள் பெரிய பானையில் வேகவைப்பார்கள். வெந்ததும் தண்ணீரை வடித்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ரசம் வைப்பார்கள். அது எங்களுக்கு. வெந்த கொள்ளு குதிரைக்கு. குதிரை தின்று முடித்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். அந்த ரசத்தின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. ஒரு நாள் குதிரைக்கு வைக்கிற கொள்ளில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சத்தையெல்லாம் நாம் குடித்துவிட்டு, உழைக்கிற வெள்ளச்சிக்குச் சக்கையைப் போடுகிறோம் என்று தோன்றிவிட்டது. இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் நடக்கிற பெரிய அநியாயம் என்றும், கண்டுபிடித்தவள் நான் ஒருத்திதான் என்றும் நினைத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை டவுனில் ஒரு தோல் வியாபாரி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாமாவும் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின நாள் காலையில் அத்தைக்குக் கிணற்றடியில் வேலை. இடுப்பிலிருந்து வளையத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நாலு படி அளந்து ஊறப் போடு தாயி. பெட்டியைப் பூட்டிட்டுச் சாவியக் கொண்டாந்து குடு."

அண்ணன்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லத்தி ராணியின் கையில் லாயத்துச் சாவி. நான் வேண்டுமென்றே அதை ஆட்டி ஆட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு போனேன். நாலு படி சரியாக அளந்து ஊறப்போட்டேன். அப்புறம் பாவாடையை மடியாகப் பிடித்து, அது நிறைய ஊறாத பச்சைக் கொள்ளை அள்ளி வெள்ளச்சிக்கு முன்னால் கொட்டினேன். நாளைக்கு மாப்பிள்ளையைச் சுமக்கப் போகிறவள், இன்றைக்கு ஒரு நாளாவது சத்தோடு தின்னட்டும் என்று காதில் சொன்னேன். கடகடவென்று தின்றாள். தின்றதும் தொட்டியில் வாய் வைத்து வெகுநேரம் தண்ணீர் குடித்தாள். பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

வெயில் ஏறியபோது வெள்ளச்சி முன்னங்காலால் தரையைப் பறித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. படுக்கப் போனாள், எழுந்தாள், மறுபடி படுக்கப் போனாள். சின்ன அண்ணன் ஓடிப்போய்ச் சொல்ல, அத்தை ஈரக் கையோடு வந்தாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். தவில் மாதிரி விம்மியிருந்தது. விலாவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வெள்ளச்சியின் உதட்டை விலக்கிப் பல்லிடுக்கைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். யார் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது என்று பெரிய அண்ணன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவள் கேட்கவே இல்லை.

"வகுத்துல காத்து அடச்சிருக்கு. படுத்து உருண்டா குடல் முறுக்கிக்கிரும். படுக்க விடாம நடத்தணும்" என்றாள். கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தவள், பெரிய பையன்கள் இரண்டு பேர் நிற்க, அதை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும் முன்னால் குனிந்து என் பாவாடையை நன்றாக ஒரு உதறு உதறி, முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிவிட்டாள். கீழே உதிர்ந்த இரண்டு மூன்று கொள்ளுமணியைக் காலால் மண்ணோடு தேய்த்தாள். நடக்கும்போது பாவாடை தடுக்கி விழாமல் இருக்கத்தான் செருகிவிடுகிறாள், எத்தனை அவசரத்திலும் அத்தைக்கு என்மேல் எத்தனை அக்கறை என்று எண்ணிக்கொண்டேன்.

நடந்தோம். லாயத்திலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து லாயம். சித்திரை வெயில் தலையைப் பிளந்தது. அத்தை பெருங்காயமும் ஓமமும் இஞ்சியும் தட்டி வெந்நீரில் கலந்து, மூங்கில் குழாயில் ஊற்றி, வெள்ளச்சியின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பின்னாலேயே விளக்கெண்ணெய். ஒரு சொட்டு புரையேறவில்லை. அண்ணன்மார் ஈரச் சாக்கால் வயிற்றைத் தேய்த்தார்கள். வெள்ளச்சி முழங்கால் மடக்கும்போதெல்லாம் அத்தை அவள் கழுத்தில் தோளைக் கொடுத்து நிமிர்த்துவாள். ஒரு குதிரையின் பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, "நட தாயி, நட" என்பாள். வெள்ளச்சிக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று தெரியாது. இரண்டு பேரும் நடந்தோம்.

நடுவில் மாமா டவுனிலிருந்து வந்து சேர்ந்தார். வண்டியை விட்டு இறங்கும் முன்னாலேயே, இது எந்தப் பிள்ளை செய்த வேலை என்று கத்தினார். என் கையிலிருந்து கயிறு நழுவியது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பிள்ளைக என்ன பண்ணும். விடியக் கருக்கல்ல வெந்த கொள்ளுன்னு நெனச்சு நாந்தான் பச்சக் கொள்ள வச்சிட்டேன்."

மாமா சாட்டையை வண்டிக்குள் வீசிவிட்டு இறங்கி வந்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார். வெந்ததுக்கும் வேகாததுக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு லாயம் எதற்கு என்றார். தோல் வியாபாரிக்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன் என்றார். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்கூட வந்து நின்று கேட்டார்கள். அத்தை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியம்தான் முதலில் வந்தது. அப்படியானால் அத்தையும் பச்சைக் கொள்ளு வைத்திருக்கிறாள், நான் போட்டது அதற்குமேல் என்று கணக்குப் போட்டேன். அத்தைக்கே கை தவறும் என்றால் நான் எம்மாத்திரம் என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அன்றைக்குத் திறக்காத வாயை அதற்குப் பிறகும் யாரிடமும் திறந்ததில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் வெள்ளச்சி திடீரென்று நின்றாள். வாலைத் தூக்கினாள். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்தாற்போல் பொத் பொத்தென்று லத்தி. அத்தை அதன் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அண்ணன்மார் கைதட்டிக் குதித்தார்கள். அத்தனை நாள் அள்ளியதில், அந்த லத்தியை மட்டும் நான்தான் அள்ளுவேன் என்று சண்டை போட்டு அள்ளினேன்.

மறுநாள் மாமா ஒரு செவலைக் குதிரையைத்தான் ஊர்வலத்துக்கு ஓட்டிப்போனார். கல்யாண வீட்டில் என்ன பேச்சுக் கேட்டாரோ, திரும்பி வந்தவர் குளிக்கக்கூட இல்லை, அத்தைக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். அத்தை இடுப்பிலிருந்து வளையத்தை உருவி அந்தக் கையில் வைத்தாள். மாமா அதைத் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டார்.

எங்களை யாரும் பஸ் ஏற்றவில்லை. லீவு முடியும் வரைக்கும் இருந்தோம். வெள்ளச்சிமேல் ஏறி உட்காரப் பழகினேன். சேணம் மாட்டப் பழகினேன். ஆறு குதிரைக்கும் குளம்பு சுரண்டினேன். காலையில் மாமா வெளியே கிளம்பும் முன்னால் அத்தை வாசலில் போய் நிற்பாள். அவர் பெட்டியைத் திறந்து நாலு படி அளந்து கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொள்வார். ணங் ணங் சத்தம் இப்போது மாமாவோடு வந்தது. குதிரைகள் அவருக்குக் காதைத் தூக்கின. வெள்ளச்சி ஒருத்தி மட்டும் எந்தச் சத்தமும் இல்லாமல் அத்தை வரும்போது தூக்குவாள்.

எங்களுக்குத்தான் பெரிய தொந்தரவாகப் போயிற்று. வைக்கோல் போரில் சறுக்கிக்கொண்டிருப்போம், நிமிர்ந்தால் அத்தை நின்றுகொண்டிருப்பாள். வருவதே தெரியாது. ஓடி விளக்குமாறு எடுக்க நேரமே இருக்காது. மூன்று பேரும் கூடிக்கூடி இதைப் பேசினோம். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தையிடமே கேட்டுவிட்டேன்.

"சத்தமில்லாம வந்து எங்களப் பிடிக்கத்தான அத்தை, சாவிய மாமாகிட்டக் குடுத்திட்டீக?"

அத்தை கையை வெறும் இடுப்புக்குக் கொண்டுபோனாள். அப்புறம் என் தலையில் கையை வைத்து, "கண்டுபிடிச்சிட்டியேடி, கள்ளி" என்று சிரித்தாள்.

பஸ் நிலக்கோட்டை போய்ச் சேரும் வரைக்கும் அண்ணன்மாரிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நான் சொன்னேன் அல்லவா, அத்தையே ஒத்துக்கொண்டாள் பார்த்தீர்களா என்று.