பார்த்தேன் என்று அடிக்கச் சொன்னார்கள்

போர்ட் பிளேரில் ஓர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, இங்கிலீஷில் மனு டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. கவுண்டரில் நின்று கால் கடுத்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு எந்தக் காகிதமானாலும் உள்ளே ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான் கேட்டார்கள்: 'ஸா'. கண்ணால் பார்த்தேன் என்று இருக்க வேண்டும்.

வண்டூர் படகு

வண்டூர் மீனவர் ஒருவர், படகு போனதற்கு மனு கேட்டு வந்தார். "படகை அலை அடிச்சிட்டுப் போனதைப் பார்த்தியாய்யா?" என்றேன். இல்லை என்றார். பார்க்காமல் எப்படி எழுதுவது என்று எரிந்து விழுந்தேன்.

"திரும்பிப் பார்த்திருந்தா, உங்ககிட்ட மனு எழுத வந்திருக்க மாட்டேன் சார்."

கிளார்க்

'ஹேர்ட்', அதாவது கேட்டேன், என்று அடித்து அனுப்பினேன். கிளார்க் தம்பி நம்ம ஆள்தான். காகிதத்தை ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினான்.

"'ஹேர்ட்' நஹி சலேகா அங்கிள், செல்லாது, 'ஸா' போட்டு எடுத்துட்டு வாங்க."

கச்சால் அம்மா

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து அம்மா ஒருத்தி. அலை வந்த காலையில் விறகுக்கு மேட்டில் ஏறியிருக்கிறாள். கீழே கரையோரம் புருஷன். உடல் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் கட்டிக் கொடுக்கிற வீடு அவள் பெயருக்கு வராது; தகரக் கொட்டகையே கதி.

'ஸா' என்றே அடித்து, தமிழில் படித்துக் காட்டினேன். அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொன்னாள். அவர் இரண்டு முறை கூப்பிட்ட சத்தம் கேட்டதாம், அவ்வளவுதானாம். "வீடு வேணுமா வேணாமா?" என்று கத்தினேன்.

"பார்த்தேன்னு எழுதினா, அவரு கூப்பிடக் கூப்பிட நான் பார்த்துக்கிட்டு நின்னேன்னு ஆயிருமேங்க ஐயா."

மெஷினிலிருந்து காகிதத்தை உருவிக் கிழித்துப் போட்டேன்.

சாட்சி

மறுவாரம் அவள் பக்கத்துக் கொட்டகைக்காரர் தனியாக வந்தார். அன்றைக்குத் தென்னையில் ஏறித் தப்பியவர். மரத்து மேலேயிருந்து எல்லாம் பார்த்திருக்கிறார். அவளிடம் இதுவரை வாய் திறக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'ஸா' ஆறு இடத்தில் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"வீடு வரட்டும், அந்தப் பொண்ணுக்கு மட்டும் இதைப் படிச்சுக் காட்டிராதீங்க."

மனுதாரருக்குப் படித்துக் காட்டாமல் நான் உள்ளே அனுப்பிய காகிதம் அது ஒன்றுதான், போன வேகத்தில் பாஸானதும் அது ஒன்றுதான்.