எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் கேள்வி

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் மன்றத்துக்கு நான் செயலாளர். வேலை, கேள்விக்கு ஆள் பிடிப்பது.

வெளியாட்களைக் கூப்பிட்டு டெக்னாலஜி பற்றிப் பேச வைப்போம். முடித்ததும் அவர்கள் "எனி கொஸ்டின்ஸ்?" என்பார்கள். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அதனால்தான் ஆள். போன தடவை நான் பிடித்த ஆள் தூங்கிவிட்டான்.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். "அடுத்த தடவையும் ஒருத்தரும் வாயைத் திறக்கலைன்னா ஹாலை டான்ஸ் டீமுக்குக் கொடுத்துருவேன். அவங்களாவது சத்தம் போடுவாங்க."

ஹால் போனால் மன்றம் போச்சு. எங்களுக்கு வேறு சொத்து ஒரு பேனர்தான்.

கேள்வி தயாராகவே இருந்தது. முந்தைய செயலாளர் பதவியோடு சேர்த்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது; அவருக்கு அவருடைய சீனியர். "சார், இந்தத் தொழில்நுட்பம் வருங்காலத்தில் கிராமப்புற மக்களின் வாழ்க்கையை எவ்வாறு மாற்றியமைக்கும்?" பிளாக்செயினுக்குப் பொருந்தியது. சைபர் பாதுகாப்புக்கும் பொருந்தியது. வந்தவர்கள் "வெரி குட் கொஸ்டின்" என்றுவிட்டு வேறு எதையாவது பேசினார்கள்.

இந்த முறை வந்தவர் எங்கள் கல்லூரியிலேயே படித்தவர். பேசினால் புரிந்துகொள்ளும் ஏஐ செய்கிறாராம், சென்னையில். கேட்பதற்கு, திருமங்கலம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வரும் செகண்ட் இயர் பெண்ணைப் பிடித்திருந்தேன். தூங்காத பெண்.

அவர் முடித்தார். அவள் எழுந்து ஒரு மூச்சில் ஒப்பித்தாள். துறைத்தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து அவருக்கு போன் வர, வெளியே போனார்.

பேச்சாளர் அவளையே பார்த்தார். "இதை யாரும்மா கொடுத்தது?"

அவள் யோசிக்கவே இல்லை. "இந்த அண்ணே" என்று என்னைக் காட்டினாள்.

"நான் செயலாளரா இருந்தப்ப கேன்டீன்ல உக்காந்து எழுதுனது, தம்பி. ஒரு வார்த்தையாவது மாத்தியிருக்கலாம்ல?"

ஹால் சிரித்தது. நான் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப உங்களுக்குப் பதில் தெரியும்லண்ணே?" என்றாள் அவள். சார் அண்ணனாகிவிட்டார்.

"எனக்கும் தெரியாது. அதை விடு, உனக்கு நெசமா என்ன தெரியணும்?"

"எங்கப்பா போன்கிட்ட 'இன்னைக்கு வெங்காயம் எம்புட்டு'ன்னு கேட்டா, புரியலைங்குது. டிவியில நியூஸ் வாசிக்கிற மாதிரி கேட்டாத்தான் சொல்லுது. எங்கப்பா அப்படிப் பேசணுமா, இல்ல நீங்க சரிபண்ணுவீங்களா?"

அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தார். "நாங்கதான் சரிபண்ணணும். நான் வேலை பார்க்கிறதே அதுலதான். எங்கம்மா பேசுனாலும் அதுக்கு இன்னும் புரியலை."

அதற்குப் பிறகு கைகள் உயர்ந்தபடியே இருந்தன. பின்வரிசையில் ஒருத்தன், "மாப்ள, சம்பளம் எம்புட்டுன்னு கேளுடா" என்றான். அதையும் கேட்டார்கள். காலேஜ் பஸ் ஹாரன் அடித்தும் பாதிப் பேர் எழவில்லை.

துறைத்தலைவர் திரும்பி வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது என்னை ஓரமாக அழைத்தார். "கடைசியில ஒரே சந்தைக்கடை. ஆனா அந்த முதல் கேள்வி, அது தரம். ஹாலை நீங்களே வச்சுக்கோங்க. அடுத்த தடவையும் அந்த மாதிரி இருக்கணும்."

"சரி சார்" என்றேன்.

அடுத்து வருகிறவர் ட்ரோன் பற்றிப் பேசுகிறார். பொருந்தும். அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். "போங்கண்ணே, எங்கிட்ட சொந்தமா மூணு கேள்வி இருக்கு" என்றுவிட்டாள். வேறு ஆள் பிடிக்க வேண்டும்.