இப்ப வாங்காதீங்க

திருகாணி பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கைபேசித் திரைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருக்கிறார் கண்ணாடிக் கடைக்காரர். எதிரே ஒரு வாடிக்கையாளர் கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடியோடு நிற்கிறார். திரையில் இருப்பது, யாரோ எங்கேயோ ஒளிந்து நின்று எடுத்த மங்கலான படம். டிவியில் மாட்டுகிற, இன்னும் கடைக்கு வராத சின்னப் பெட்டி ஒன்றின் பின்பக்கம். "இங்க ஒரு கறுப்பு தெரியுதுல்ல? நிழல் இல்ல சார், ஓட்டை! நெட் கேபிள் சொருகுற ஓட்டை. இந்தத் தடவை வச்சிட்டான்!" வாடிக்கையாளருக்குக் கண்ணாடி இல்லாமல் கைபேசியே சரியாகத் தெரியவில்லை. "ஆமா சார், பெரிய ஓட்டைதான்" என்கிறார், பாவம்.

கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்துவது அவர் பிழைப்பு. இன்டர்நெட்டிலிருந்து படத்தையும் விளையாட்டையும் இழுத்து டிவிக்குத் தருமே, உள்ளங்கை அகலப் பெட்டி, அது அடுத்து என்னென்ன உறுப்புகளோடு பிறக்கும் என்று ஆரூடம் சொல்வது அவர் உயிர். குடியிருப்பில் அவரை "அடுத்த மாடல்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயருக்கு வந்த பார்சல்கள், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பிப் போனதுண்டு.

சொன்னதில் முக்கால்வாசி பலிக்காது. ரிமோட் சோபா இடுக்கில் விழுந்தால் தானே கத்திக் கூப்பிடும் என்றார்; வந்த ரிமோட் ஊமை. மெமரி இரண்டு மடங்காகும் என்றார். பழைய மெமரியே வந்தது, பெட்டியின் நிறம் மட்டும் மாறியது. கேட்டால் அசரவே மாட்டார். "வச்சிருந்தான்ங்க. கடைசி நேரத்துல எடுத்துட்டான்." யார் அந்த 'அவன்' என்று இதுவரை யாருக்கும் தெரியாது. பங்காளியோடு பாகப் பிரிவினைத் தகராறு நடக்கிற மாதிரியே பேசுவார்.

படத்தைப் பார்த்துச் சொல்வதோடு விட்டாலும் பரவாயில்லை. குளியல் சோப்பை எடுத்து, கடையின் சின்ன அரத்தால் தேய்த்து, வரப்போகும் பெட்டியை அப்படியே செதுக்கிவிடுவார். ஊசியால் ஓட்டைகூடப் போடுவார். ஒருமுறை வீட்டுக்கு வந்த மச்சான் டிவிக்குக் கீழே இருந்த சோப்பில் ஒயரைச் சொருகிவிட்டு, "மாமா, சிக்னல் வரலையே" என்று வெகுநேரம் போராடினார். இவர் கோபிக்கவில்லை. "சரியா பொருந்துச்சா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல!"

குடியிருப்பில் யார் பெட்டி வாங்கக் கிளம்பினாலும் மாடிப்படியிலேயே மறித்துவிடுவார். "இப்ப வாங்காதீங்க. அடுத்த மாசம் புதுசு வருது. வாங்கிட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க." அந்த அடுத்த மாசம் வந்தபாடில்லை. அவர் பேச்சை நம்பி நாலைந்து வீட்டில் பழைய பெட்டிதான் முக்கி முனகி ஓடுகிறது. அவர் வீட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் கிழடு. கொஞ்ச நேரம் ஓடினால் சூடேறும். சூடேறினால் படம் நின்று, திரை நடுவே ஒரு வளையம் சுற்ற ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் வந்து சேர்ந்தது மகளின் நீச்சல் போட்டி. வெளியூரில் இறுதிச் சுற்று, ஞாயிறு காலை இன்டர்நெட்டில் நேரடி ஒளிபரப்பு. "நீங்க ரெண்டு பேரும் வந்து உட்கார்ந்தா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வீட்லயே பாருங்க" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். கைபேசியில் பார்க்கலாமென்றால், தண்ணீரில் தலைகள் எல்லாம் கடுகு மாதிரி இருக்கின்றன. எது நம் கடுகு என்று தெரிவதில்லை. மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு பேருந்துப் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவர், அதே பார்வையை இவர் பக்கம் திருப்பினார்.

"என்னங்க, அவ நீந்துறதே ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் வளையம் சுத்துச்சுன்னா, என் பொண்ணு நீந்துனதை நான் பாக்கவே முடியாது. போய் ஒரு பெட்டி வாங்கிட்டு வாங்க."

"ஒரு மாசம் பொறுத்தா..."

"போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்லவா?"

சனிக்கிழமை சாயங்காலம் போனார். போனவர் பெட்டியை எடுத்துக்கொண்டு பில் போடும் வரிசையிலும் நின்றுவிட்டார். முன்னால் நின்றவர் திரும்பினார். மேல்மாடித் தையல்காரம்மா! கையில் அதே பெட்டி. இவரை நம்பிக் காத்திருந்து, பொறுமை போய், இவருக்குத் தெரியாமல் வாங்க வந்தவர். திருடனைத் திருடன் பார்த்த மாதிரி இருவரும் விழித்தார்கள்.

"அண்ணே, நீங்களா?"

"நானா? சும்மா எடை பாக்க எடுத்தேன்மா. தூக்கிப் பாரு, உள்ள ஒண்ணுமே இல்ல."

"அப்ப வாங்க வேணாம்ங்கிறீங்களா?"

நானும் வாங்குகிறேன், நீயும் வாங்கு என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார், பழக்கதோஷம், பழைய பாட்டே வந்தது. "இப்ப வாங்காதம்மா." இரண்டு பெட்டிகளும் அலமாரிக்கே திரும்பின. அந்தம்மா போனபின் வாங்கிக்கொள்ளலாம் என்று, வெளியே போய்த் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து எட்டிப்பார்த்தார். தையல்காரம்மா அங்கேயே நின்று, புது மாடலில் எங்கெங்கே ஓட்டை வரப்போகிறது என்று விற்பனையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்று போய் வருவதற்குள் கடை ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வறட்டு கௌரவம் சோறு போடாது என்பார்கள். படமும் போடாது.

"வாங்கினீங்களா?" வீட்டு வாசலிலேயே மனைவி மறித்தார்.

"அது வந்து..."

"வராது. உங்களுக்கு எதுவும் வராது. எல்லாம் அடுத்த மாசம்தான் வரும்." கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். மனைவி விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு காலை. பெண்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். மகள் நீலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். வந்தது வளையம்! "ஐயோ, என்னங்க!" என்று மனைவி அலறினார். இவர் டிவிக்குப் பின்னால் பாய்ந்து பெட்டியைத் தொட்டார், கை சுட்டது. கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் விரித்து, பெட்டியை அதன்மேல் ஏந்தி, மேசைமேல் கிடந்த சாப்பாட்டுத் தட்டை மறுகையில் எடுத்து விசிற ஆரம்பித்தார். விசிறினார், விசிறினார். வளையம் நின்றது.

"வந்துருச்சு! விட்றாதீங்க, வீசுங்க!"

விசில் ஒலித்தது. டிவியின் முதுகுதான் இவருக்குத் தெரிந்தது. மகள் முன்னால் போகிறாளா, பின்னால் போகிறாளா, ஒன்றும் புரியவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு விசிறினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரும் நீந்திக்கொண்டிருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. நேற்றே வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று நொந்துகொண்டே இவர் விசிறினார்.

"மூணாவது! மூணாவதா வந்துட்டா என் தங்கம்!"

"நிஜமாவா?" என்று கேட்டாரே தவிர, விசிறுவதை நிறுத்தப் பயம். தோள்பட்டை விட்டுப்போயிற்று. மனைவி எழுந்து வந்து, பெட்டியையும் தட்டையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "திருப்பிப் போடுறாங்க. போய் உட்கார்ந்து பாருங்க, போங்க."

போய் உட்கார்ந்தார். மனைவி பின்னால் நின்று விசிற, நீலத் தொப்பி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. மகளின் கை மெல்ல மெல்லச் சுவரை நெருங்கியது. அவர் கண்கள் நிறைந்துவிட்டன. திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது கையை மனைவி பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம் வேகமாக என்று ஆட்டிக் காட்டினார்.