சிவகாசி அண்ணாச்சி எழுத வேண்டியிருந்த திருத்தம்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் உறவினர்கள், சபையார், அப்பாவோடு பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். மற்றவர்களை, அப்பா இருந்தவரை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் திருச்சியிலும் இருந்துகொண்டு, அறுபதுகளில் வந்த சினிமாப் பாட்டுகளில் எந்த வாத்தியத்தை யார் வாசித்தார் என்று வாட்ஸ்அப் குழுவில் அப்பாவோடு தினமும் வழக்காடிக்கொண்டிருந்தவர்கள். அப்பா கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனார் என்றே அவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். அப்பா போகவில்லை. அவருடைய போனை எடுத்து அவரைக் குழுவிலிருந்து வெளியேற்றியது நான். நேரில் சொல்ல வாய் வராததால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில். அவருடைய அம்மா தீப்பெட்டி ஒட்டி நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அப்பா பதினாறு வயதில் சிவகாசிக்கு வந்து ஒரு லித்தோ பிரஸ்ஸில் சேர்ந்தார். பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிக்கிற பிரஸ். சீசன் நேரத்தில் ஆர்டர் குவிந்துவிட்டால் மூன்று நாள் வீட்டுக்கு வராமலே வேலை பார்ப்பார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று வருடம் அதே பிரஸ். அந்தச் சத்தத்தில் இடது காது மங்கிப்போனது. வலது காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார்.

இருபது வயதில் முதலாளி அவரைக் கலர் வேலை படித்துவர எட்டு மாதம் சென்னைக்கு அனுப்பினார். கோடம்பாக்கத்தில் அவர் சாப்பிட்ட மெஸ்ஸில்தான் ரெக்கார்டிங்குக்கு வாசிக்கிறவர்களும் சாப்பிட்டார்கள். வயலின்காரர், புல்லாங்குழல்காரர், அக்கார்டியன்காரர், தபலாக்காரர். அன்றைக்கு எந்தப் பாட்டுக்கு வாசித்தோம் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பாட்டு ரேடியோவில் வரும். பாடியவர் பெயரைச் சொல்வார்கள், இசையமைத்தவர் பெயரைச் சொல்வார்கள். மெஸ்ஸில் பக்கத்து இலையில் சாப்பிட்டவரின் பெயர் வராது. அப்பாவுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. “லேபிள்ல ஒரு ஓரத்துல பொடி எழுத்துல எங்க பிரஸ் பேராச்சும் இருக்கும்மா. அவுக பேரு எங்கயுமே இல்ல” என்பார்.

அம்மா இறந்த பிறகு அப்பாவை விருதுநகருக்கு என்னோடு அழைத்து வந்தேன். நான் நர்ஸ். என் கணவர் வெளியூரில் ஆசிரியர், சனிக்கிழமைதான் வருவார். மகள் அப்போது ப்ளஸ் டூ. காலை எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடும். மாலை வரை அப்பா மட்டும்தான். சிவகாசியில் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் பேசுவார்கள், இங்கே பால்காரரைத் தவிர அவருக்கு யாரையும் தெரியாது. அந்த நாட்களில்தான் தூத்துக்குடியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்தும் அந்தக் குழுவில் சேர்ந்தார்.

குழுவில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். நடத்துகிறவர் தூத்துக்குடி சார். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கோவில்பட்டி சார். அப்பா, சிவகாசி அண்ணாச்சி. அவர்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. ஒரு தகவலைச் சொன்னால் அது கேட்டதா, பார்த்ததா, படித்ததா என்று கடைசியில் போட வேண்டும். யாராவது மறுத்தால், எந்தப் பாட்டுக்கு யார் வாசித்தது என்று குழு தொகுத்துவந்த பட்டியலில் அந்தப் பாட்டுக்கு நேரே ஒரு கேள்விக்குறி விழும். தவறாகச் சொன்னவர் தானே திருத்தம் எழுதினால்தான் அந்தக் கேள்விக்குறியை எடுப்பார்கள். அவருக்காக வேறு யாரும் எழுதக் கூடாது.

சண்டை ஒரு மழைப் பாட்டைப் பற்றியது. அதன் இரண்டாவது இடையிசையில் வரும் அக்கார்டியனை வாசித்தவர், மெஸ்ஸில் தன்னோடு சாப்பிட்ட ராயப்பன் என்று அப்பா எழுதியிருந்தார். கேட்டது, வாசித்தவர் வாயாலேயே. கோவில்பட்டி சார் அதை மறுத்தார். வாசித்தவர் ரயில்வேயில் வேலை பார்த்த செல்லத்துரை, அவருடைய தம்பி சொல்லக் கேட்டது என்றார். இரண்டு வாரம் இது ஓடியது. எழுதி மாளாமல் குரலிலேயே அனுப்பிக்கொண்டார்கள்.

“மேனேஜரே, கள்ள நோட்டு எண்ணி எண்ணி உங்களுக்கு நல்ல நோட்டு மேலயும் சந்தேகம் வந்துருச்சு” என்பது அப்பா.

“அண்ணாச்சி, நீங்க மேல லேபிள் ஒட்டுன ஆளு. உள்ள என்ன இருக்குன்னு வெடிச்சாத்தான தெரியும்” என்பது அவர்.

அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் திட்டிக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன். பட்டாசு ஆலை விபத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, எதிலும் முதலில் ஆபத்தைத்தான் பார்ப்பேன். மகளின் பரீட்சைக்காக வீட்டில் ஆறு மணிக்கு எல்லா போனும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் கூடைக்குள் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். அப்பாவும் கொண்டுவந்து போடுவார். “சரிங்க சிஸ்டர்” என்பார், ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிடுகிற மாதிரி.

அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருந்த ஜூன் மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மதுரையில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். மனதுக்கு அலைச்சல் கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் போன் என் பையில் இருந்தது. அது அதிர்ந்துகொண்டே இருந்தது. திறந்து பார்த்தேன். அண்ணாச்சி எங்கே, பதிலைக் காணோம், பின்வாங்கிவிட்டாரா என்று வரிசையாக வந்திருந்தது. கேலிதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஐ.சி.யு. வாசலில் நின்று படித்தபோது அப்படித் தெரியவில்லை. குழுவிலிருந்து வெளியேறி, அதுவரை அவர்கள் பேசியது எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அரை நிமிட வேலை.

மறுநாள் தூத்துக்குடி சார் கூப்பிட்டார். அண்ணாச்சிக்கு வருத்தமா, ஏன் விலகிவிட்டார் என்று பதறிக் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஆளுக்கு ஆள் கூப்பிடுவார்கள், அப்பா பேச ஆசைப்படுவார் என்று பயந்தேன். “அப்பாவுக்கு இதுல இனி விருப்பம் இல்லையாம் சார். கூப்பிட வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க” என்றேன். “அப்பிடியாம்மா. சரிம்மா” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் கழித்து அப்பா போனைக் கேட்டார். கொடுத்தேன். நெடுநேரம் தேடினார். விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று ஆறு மணி ஆவதற்கு முன்பே போனைக் கூடையில் கொண்டுபோய் வைத்தார்.

அதன் பிறகு நான்கு மாதம் இருந்தார். காலையில் நான் கிளம்பும்போது ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாலையில் வரும்போதும் அங்கேயே இருப்பார். இயர்போன் மேஜையில் சுருண்டு கிடக்கும். “சாப்பிட்டீகளாப்பா?” என்பேன். “ஆச்சும்மா” என்பார். ரத்த அழுத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. நான் தினமும் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்தேன். அந்த எண்களைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்: “ஏம்மா, ஒரு ஆளு தெரியாமத் தப்பாச் சொல்லிட்டான்னு வைய்யி. ஒரு வார்த்த கேக்காம அவனத் தள்ளிருவாகளா?”

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும், யாரைப்பா சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அடுத்த செக்கப் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த செக்கப் வருவதற்கு முன், தீபாவளி லோடு லாரிகள் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், அதே நாற்காலியில் அப்பா போய்விட்டார். நான் டியூட்டியில் இருந்தேன். பால்காரர்தான் முதலில் பார்த்தார்.

அடக்கத்துக்குக் குழுவிலிருந்து யாரும் வரவில்லை. யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஜனவரியில் அப்பாவின் போனுக்குக் கோவில்பட்டி சார் கூப்பிட்டார். வீம்பை விட்டுவிட்டுக் கூப்பிட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. ஒரு பாட்டில் ஒரு சந்தேகம், அண்ணாச்சியைத் தவிர யாருக்கும் தெரியாது, ஒரு நிமிஷம் கொடுங்கள் என்றார். சொன்னேன். மறுநாளே தூத்துக்குடி சாரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார்.

இருவரும் அப்பாவின் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கோவில்பட்டி சார் ஒல்லியான மனிதர். அப்பாவோடு அப்படி மல்லுக்கட்டியவர் இவர்தானா என்று இருந்தது. “நாந்தாம்மா கொஞ்சம் கூடப் பேசிட்டேன். அவரு மனசு விட்டுட்டாரு” என்றார். தூத்துக்குடி சார் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் காபி போடப் போய்விட்டேன்.

காபியோடு, அப்பாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடைத்த நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா எழுதியது. அது என்னவென்று எனக்குச் சரியாக விளங்கியிருக்கவில்லை. கோவில்பட்டி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

“திருத்தம். மழைப் பாட்டு, இரண்டாவது இடையிசை. வாசித்தவர் செல்லத்துரை. ராயப்பன் அல்ல. ஆஸ்பத்திரியில் எனக்கு வலது கையில் ஊசி ஏற்றியிருந்ததால் மகள் ஸ்பூன் கொடுத்தாள். இடது கையால் இட்லி சாப்பிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரெக்கார்டிங் அன்றைக்குக் காலையிலேயே மெஸ்ஸில் ராயப்பன் வலது கை விரல் இரண்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்பூனால்தான் சாப்பிட்டார். அந்தக் கையால் அக்கார்டியன் வாசித்திருக்க முடியாது. பிறகு நான் கேட்டபோது, நான்தான் வாசித்தேன் என்று சொன்னார். வேலை கைவிட்டுப் போனதை எங்களிடம் சொல்ல அவருக்கு மனது வரவில்லை போல. அவர் சொன்னதைக் கேட்டேன், அவர் கையைப் பார்த்ததை மறந்துவிட்டேன். கோவில்பட்டி சார் சொன்னதே சரி. பார்த்தது.”

படித்துவிட்டு அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். “ஜெயிச்சிட்டேன்னு சொல்லக்கூட ஆளு இல்லாமப் போச்சே” என்றார்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வரி இருந்தது. பக்கத்தின் மறுபுறம் என்பதால் அவர் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும். நான் திருப்பிக் காட்டவில்லை.

தூத்துக்குடி சார் அப்பாவின் எண்ணை மறுபடியும் குழுவில் சேர்த்தார். திருத்தத்தை அவரவர்தான் எழுத வேண்டும் என்ற சட்டம் இருப்பதால், அப்பாவின் போனிலிருந்தே அனுப்பச் சொன்னார்கள். நான் தட்டச்சு செய்து அனுப்பினேன், அந்த இரண்டு வரி இல்லாமல். பட்டியலில் கேள்விக்குறி போய்விட்டது. செல்லத்துரை என்ற பெயர் ஏறியது. நிறையப் பேர் இரங்கல் எழுதினார்கள். திருச்சிக்காரர் ஒருவர் மட்டும், அன்றைக்கு மெஸ்ஸில் வேறு யார் யார் இருந்தார்கள் அண்ணாச்சி என்று கேட்டிருந்தார். உடனே, மன்னிக்கணும், பழக்கதோஷம் என்று இன்னொன்று அனுப்பினார். முதல் கேள்வியை நான் இன்னும் அழிக்கவில்லை. இந்த மலரைப் படிக்கிறவர்களில் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இருந்தால், அப்பாவின் எண்ணுக்கே கூப்பிடுங்கள். எடுக்கிறேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் கை கொடுத்தவர்கள் பலர். டியூட்டியை மாற்றிக் கொடுத்த என் சக செவிலியர்கள், மதுரையில் ஒன்பது நாளும் சாப்பாடு கொண்டுவந்த சித்தப்பா வீட்டார், அப்பாவின் பெட்டியைத் தோளில் சுமந்த பிரஸ் தோழர்கள், ஜெபித்த போதகர், அன்று காலை கதவைத் தட்டிப் பார்த்து எனக்குப் போன் செய்த பால்காரர், இந்த மலரைக் காகிதத்துக்கு மட்டும் விலை வாங்கி அச்சடித்துக் கொடுத்த அப்பாவின் பழைய பிரஸ்ஸார் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடிருக்கும்.

குழுவினருக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது. நான் அனுப்பாமல் விட்ட அந்த இரண்டு வரியையும் அப்பா எழுதியபடியே உங்களிடம் சேர்த்துவிடுகிறேன்:

“தப்பாகச் சொன்னவனை நீங்கள் நீக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. இதை எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.”

— மகள்