நேற்றே திறந்த பாட்டில்

"ஏழு, நாலு, ஒன்பது... அடுத்தது ரெண்டு."

இடது உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டியபடி, சமையலறை வாசலில் நின்று எதிர்ச்சுவரைப் படிக்கிறார் என் கொழுந்தன். சுவரில் ஒட்டியிருப்பது பழைய காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் அவர் மனைவி பேனாவால் எண்கள் எழுதியிருக்கிறாள். மேல்வரி கட்டைவிரல் பருமன், கீழே போகப் போக எறும்பு. ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டு. வெளியே வெயிலில் தார் இளகிக் கிடக்கிறது. கடைசி வரியை இரண்டு கண்ணாலும் படித்து முடித்தால்தான் பழத்தில் கத்தி படும்.

"அடுத்த கண்ணு," என்று கரண்டியால் தாளைத் தட்டுகிறாள் மனைவி.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நிற்காது, பவர்தான் நிற்கும். "நம்ம மைனஸ் மூணரை இருக்காரே, அவர் பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்பார். தன் கல்யாணத்தைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்: "இவ அப்போ மைனஸ் ஒண்ணரை, அண்ணி. கண்ணாடி போடாம என்னைப் பாத்துட்டு சரின்னுட்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். கண்ணாடி போட்டு விட்டு மாட்டிக்கிட்டேன்."

"இப்பவும் கழட்டி வெச்சுட்டுத்தான் அக்கா இவரைப் பாக்கிறேன்," என்பாள் அவள்.

டம்ளர்களைக் கடைத் துணியால் துடைப்பார். லென்ஸ் துடைக்கும் அந்த மெல்லிய துணியேதான். துடைத்ததை ஜன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். கனமான அடிப்பாகம் உள்ள டம்ளர் என்றால், "இதுக்கு நல்ல பவர்" என்று தனியே எடுத்து வைப்பார். எலுமிச்சையை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு, குறுக்கே வெட்டிப் பிழிவார். தோல் நசுங்கும்வரை பிழிய மாட்டார், கசக்கும். டெக்கீலா என்கிற மெக்சிகோ சாராயம் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, ஆரஞ்சுச் சாறு அரைப் பங்கு, ஆற வைத்த சர்க்கரைப் பாகு அரைப் பங்கு. எல்லாவற்றையும் ஐஸ் கட்டிகளோடு ஒரு எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி மூடி, வெளிப்புறம் வியர்த்து வெள்ளை படியும்வரை குலுக்குவார். டம்ளர் விளிம்பில் பாதி வட்டத்துக்கு மட்டும் உப்பு. "உப்பு வேண்டாம்னா டம்ளரைத் திருப்பிக்கலாம். மனுஷனுக்கு அந்த வசதி கிடையாது" என்பது அவர் தத்துவம். அந்த நாளில் கோடை முழுக்க ஞாயிறு தவறாமல் அண்ணன் தம்பி இருவரும் இதைக் குடித்தபடி ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த அண்ணன் என் கணவர். நாங்கள் மாடியில் இருந்தோம். நான் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர், கண்ணாடி நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில், ஒரு டெக்கீலா பாட்டிலைக் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனார். மெத்தனால் கலந்த போலிச் சரக்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. தம்பிக்கு அன்று வயிறு சரியில்லை, பாதி டம்ளரோடு நிறுத்திக்கொண்டார். என் கணவர் நான்கு குடித்தார். மறுநாள் காலை படுக்கையில் உட்கார்ந்து, "ஏன் எல்லாம் வெள்ளையா இருக்கு? யாரு விளக்கைப் போட்டது?" என்று கேட்டார். விளக்கு எதுவும் எரியவில்லை.

நான் கீழே ஓடித் தம்பியைத்தான் கூப்பிட்டேன். கண் சமாசாரம் என்றால் வேறு யாரைக் கூப்பிடுவேன்? அவர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பவர் மாறியிருக்கும்ணே, வாங்க, கடையில பாத்துடலாம்" என்று கைப்பிடித்து அழைத்துப் போனார். சோதிக்கிற சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லை வில்லையாக மாற்றி, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல். பெட்டியில் இருந்த வில்லைகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என் கணவர் உயிரோடு திரும்பவில்லை. இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது தம்பியும் அங்கேதான் நின்றிருந்தார்.

இப்போது கடையில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வில்லையை மாற்றிவிட்டு, "சொல்லுங்க" என்பதோடு சரி. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவர் கையால் கொடுப்பதில்லை. காபி போட்டால் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார், இல்லையென்றால் மனைவியிடம் கொடுத்தனுப்புவார். மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இப்படி. போன மாதம் வெயில் ஏறத் தொடங்கியதும் நானே கேட்டேன்: "தம்பி, அந்த எலுமிச்சை டெக்கீலா ஒரு நாள் போட்டுக் குடுங்க." அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கேட்டிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தப் பரீட்சை. பெரிய கடையில் சீல் பார்த்து வாங்கிய பாட்டிலை, அப்படியும் நம்பாமல், சனிக்கிழமை நண்பகலில் திறக்கிறார். ஓர் அளவு தான் மட்டும் குடிக்கிறார். திறந்த நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுகிறார். அப்புறம் இருபத்துநான்கு மணி நேரம் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. விளக்கைப் போடும்போதெல்லாம் அவர் திடுக்கிட்டுக் கண்ணை மூடித் திறக்கிறார். முதல் வாரம் கடையிலிருந்த கண் சோதிக்கும் எழுத்துப் பலகையையே கொண்டுவந்து மாட்டினார். அவர் ஃபிரிஜ்ஜைப் பார்த்துக்கொண்டே கடைசி வரியை ஒப்பித்ததை மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "இருபது வருஷமா ஊரையே படிக்க வெச்ச பலகை, மனப்பாடம் இல்லாம இருக்குமா? யாரை ஏமாத்துறீங்க?" அன்றிலிருந்து வாராவாரம் காலண்டர் தாள்.

பரீட்சையில் தேறினாலும் பானம் என் கைக்கு வந்ததில்லை. ஒரு வாரம் பழம் கசக்கிறது என்று தொட்டியில் கொட்டினார். அடுத்த வாரம் ஐஸில் மீன் வாடை. போன வாரம் காரணம்கூடச் சொல்லவில்லை. "வேண்டாம் அண்ணி," அவ்வளவுதான்.

இந்த வாரம் கடைசி வரிக்கு வந்தார். "அஞ்சு, ஆறு, மூணு."

மனைவியின் கரண்டி அந்த எண்ணின் மேலேயே நின்றது. "இன்னொரு தடவை பாருங்க."

"மூணு."

"எட்டுங்க அது."

எலுமிச்சம்பழம் கீழே விழுந்து மேசைக்கடியில் ஓடியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதரை இப்படிச் செய்ய வைத்தது என் வாய்தானே? மனைவி அருகில் போய் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஏங்க, உங்க கண்ணாடி எங்க?" என்றாள்.

அவர் மூக்கைத் தடவிப் பார்த்தார். பாகு காய்ச்சும்போது ஆவி படிந்ததென்று கழற்றி, ஆரஞ்சுப் பழங்களோடு கூடையில் வைத்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறவரு!" என்றாள் அவள். சிரிக்கத்தான் பார்த்தாள், குரல் உடைந்துவிட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எட்டு. மறுபடி படித்தார். எட்டுதான். ஆனாலும் கை பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பியது.

"தம்பி, எனக்கு ஒரு டம்ளர். நீங்களே குடுங்க," என்றேன்.

நெடுநேரம் குலுக்கினார். கைப்பிடித் துணி நனைந்து சொட்டியது. ஊற்றி எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிய பிறகும் அவர் விரல்கள் விடவில்லை. மெல்ல இழுத்துக்கொண்டேன். எனக்கும் பயம்தான். கண்ணை மூடாமல் ஒரு வாய் குடித்தேன். புளிப்பும் குளிர்ச்சியும் இறங்கின, பின்னால் மெல்ல ஒரு சூடு.

ஒரு நாள் பொறுத்துத்தான் தெரியும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர் ஓரடி பின்னால் போய், உப்பு ஒட்டிய கையைத் தூக்கி, என் முகத்துக்கு நேரே மூன்று விரல்களை விரித்துக் காட்டினார்.