முந்நூற்றுப் பன்னிரண்டு புரதங்கள்

ஹம்சவேணி எம்.எஸ்ஸி. முடித்து, மதுரைக்கு மேற்கே ஒரு கல்வி நிறுவனத்தில் தற்காலிகத் திட்ட உதவியாளராகச் சேர்ந்தது 2001இல். ஒரே மரபணுவின் துண்டுகளை உயிரணு வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டி, வெவ்வேறு புரதங்களைச் செய்துகொள்கிறது. அப்படிப்பட்ட மரபணுக்களையும் அவற்றின் புரத வகைகளையும் இணையதளமொன்றில் தொகுப்பதுதான் திட்டம். கணினி ஒரு நீளப் பட்டியலைக் கொட்டும். அதில் எது மெய், எது குப்பை என்று ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பிரிப்பது அவள் வேலை.

முனிச்சாலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், மூன்று வருடம் அந்தக் கட்டுரைகளைப் படித்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் அந்த வேலையை விளக்கத் தொடங்கியபோது, "கம்ப்யூட்டர் வேலைதாங்க" என்று அப்பா முடித்துவைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு புரதங்களுக்குச் சான்றே இல்லையென்று, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி நீக்கினாள்.

மறுவாரம் அத்தனையும் தளத்தில் திரும்ப வந்திருந்தன. தளத்தைக் கவனித்துக்கொண்ட பாலமுரளி நெளிந்தான்.

"சார்தான் போடச் சொன்னாருக்கா. எண்ணிக்கை அம்புட்டு இருந்தாத்தான் ஜர்னல்ல நம்ம கட்டுரையை எடுப்பாங்களாம்."

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் மலையாண்டியிடம் போய் நின்றாள்.

"இல்லாததை இருக்குன்னு போட்டா, யாராச்சும் நம்பி வேலை பாப்பாங்க சார்."

"பாக்கட்டும்மா. தப்புன்னா அவங்களே கண்டுபிடிச்சுக்கிருவாங்க."

2004இல் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் வரிசையில் மலையாண்டி, பாலமுரளி, அவள் பார்த்தேயிராத இன்னும் இருவர். அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், தட்டச்சு உதவிக்கான நன்றியில் இருந்தது.

அடுத்த வருடம் புனேயிலிருந்து ஓர் ஆய்வு மாணவி தளத்தின் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். தளத்திலிருந்த ஒரு புரதத்தைத் தேடிப் பதினான்கு மாதம் சோதனை செய்தும் கிடைக்கவில்லை, நான் எங்கே தவறினேன் என்று கேட்டிருந்தாள். ஹம்சவேணி நீக்கியவற்றில் அதுவும் ஒன்று.

"டேட்டா என்ட்ரில பிழையாயிருச்சுன்னு உங்க பேர்ல மன்னிப்பு எழுதிருங்க. முடிஞ்சு போகும்" என்றார் மலையாண்டி.

அவள் எழுதினாள், தவறு உங்களுடையதல்ல என்று. தான் நீக்கிய பட்டியலையும், அது திரும்பச் சேர்க்கப்பட்ட தேதியையும் இணைத்து, மலையாண்டிக்கும் ஒரு நகல் போட்டாள்.

அந்த மாதத்தோடு வேலை போயிற்று. பாலமுரளி பஸ் நிறுத்தம்வரை வந்தான்.

"மன்னிச்சுக்கக்கா. என் பிஎச்.டி.க்கு அவரு கையெழுத்துப் போடணும்."

அவள் பஸ்ஸில் ஏறினாள்.

அனுபவச் சான்றிதழில் 'தட்டச்சர்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஒத்தக்கடைப் பள்ளித் தாளாளர், உயிரியலுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லி, ஆறாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுக்கச் சொன்னார். சரியென்றாள்.

புனேயிலிருந்து மறுபடி ஒரு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் சொல்வதை என் வழிகாட்டி நம்பவில்லை, தளத்தில் அது இன்னும் இருக்கிறதே என்கிறார். பள்ளிக் கணினியில் தளத்தைத் திறந்தாள். அந்தப் புரதம் இருந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் புதிதாக அவளுடைய பெயரைச் சேர்த்திருந்தார்கள்.

தான் சரிபார்க்கவில்லை என்று அந்த மாணவிக்கு அன்றே எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.