சட்டென விட்ட கட்டைவிரல்

புதுக்கோட்டையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தத்தில் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆர் செய்து சொல்வது என் வேலை. பிப்பெட் என்ற உறிஞ்சுகருவியில் துளியை எடுக்கும்போது, பொத்தானை அழுத்திய கட்டைவிரலை மெல்ல விட வேண்டும். சட்டென விட்டால் துளி தெறித்து பிப்பெட்டுக்குள்ளேயே ஏறிவிடும்; அப்புறம் முனையை மாற்றினாலும் அடுத்த குழாய்கள் கெட்டுப்போகும். தெரிந்தும் அன்று வேகமாக விட்டேன். கடைசி பஸ்ஸுக்கு முன் முடிவையும் சொல்லிவிடும் அவசரம்.

ஆவூரிலிருந்து வந்து ரத்தம் கொடுத்திருந்த ஓர் இளம் தாய்க்குப் போன் செய்து, "மஞ்சள் காமாலைக் கிருமி இருக்குங்க" என்றும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில்தான் கவனித்தேன். சரிபார்க்க வெறும் தண்ணீர் விட்டு வைத்த குழாயும் கிருமி இருப்பதாகக் காட்டியிருந்தது; அப்படியானால் அவருக்குச் சொன்ன முடிவையும் நம்ப முடியாது. அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கூப்பிட்டதும் அழுகிற குழந்தையோடு வந்தார். "தப்பு என்னோடதுங்க. திரும்ப ரத்தம் எடுக்கணும்" என்றேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"ஒட்டிக்கிருமோன்னு பயந்து நேத்துலேருந்து இவனுக்குப் பால் குடுக்கலைங்க. பவுடர் பாலைத் துப்புறான்" என்றவர் கையை நீட்டினார். "பதறாம எடுங்க."

மதியம் தண்ணீர்க் குழாயை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அவரிடம் ஓடினேன். "கிருமி இல்லைங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தார். அவசர அவசரமாகக் குடித்த பிள்ளை, மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தான்.

அந்த நிதானத்தில்தான் இப்போது என் கட்டைவிரலை விடுகிறேன்.